மூன்று தட்டுத் தேநீர்

மார்ச் 4, செவ்வாய்

பொடிசுக்கு இன்று மூன்று தடவை வெப்பமானி வைத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒன்றுமில்லை. நான்காவது தடவை கையில் எடுத்தபோது அவளே கையைத் தூக்கி அக்குளைக் காட்டினாள். பதின்மூன்று மாதக் குழந்தைக்கு நான் சொல்லித் தந்திருக்கிற வித்தை இது.

ஒரு வேலை வந்திருக்கிறது. பாடப்புத்தக அலுவலகத்தில் என்னோடு மெய்ப்புப் பார்த்தவள் கைமாற்றி விட்டிருக்கிறாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இருக்கிற பெரிய ஹோட்டல். பஸ்ஸில் போகும்போது, வாசலில் தொப்பி போட்டவர் கார்க் கதவைத் திறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் பழக்கம். அங்கே பிற்பகலில் தேநீர் விருந்து உண்டாம். மேசையில் வைக்கிற அட்டை ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் படிக்கிற விருந்தினர் அதிகம் வரத் தொடங்கியிருப்பதால் தமிழில் ஒன்று வேண்டும். ஒரே பக்கம். அது நன்றாக அமைந்தால் ஹோட்டலின் மற்ற தாள்கள், அறிவிப்புகள் எல்லாமே எனக்குத்தான். ஒரு வருடத்துக்கு. வீட்டிலிருந்தே.

வீட்டிலிருந்தே என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

இது இல்லாவிட்டால் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து காப்பீட்டு அலுவலகம். கடிதப் பிரிவு, காலை எட்டரை முதல் மாலை ஆறு. வருகிறேனா இல்லையா என்று இருபத்தைந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். பொடிசு காப்பகத்துக்குப் போவாள். போன வாரம் அவளையும் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நல்லவர்கள்தான். ஒரே அறையில் பதினான்கு குழந்தைகள், பார்த்துக்கொள்ள இரண்டு பேர். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் எத்தனை நிமிடத்தில் உங்களுக்குத் தெரியும் என்று கேட்டேன். "தொட்டா தெரிஞ்சிடப் போகுதும்மா" என்றாள் அந்தப் பெண். தொட்டால் தெரியும். யார் தொடுவார்கள்? எப்போது?

டிசம்பரில் என் மடியில் இருக்கும்போதே வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்து. இரண்டு நிமிடம்கூட இருக்காது என்கிறார் இவர். காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், வளர வளரப் போய்விடும், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். பயப்படாமல் இருக்க ஒரு மருந்தையும் எழுதித் தந்திருக்கலாம்.


மார்ச் 5, புதன்

உடம்பெல்லாம் வலி. ஒன்றும் செய்யாமலே வலிக்கிறது.


மார்ச் 6, வியாழன்

பொடிசு தூங்கின இரண்டு தூக்கத்தில் அட்டையை முடித்துவிட்டேன்.

"டீக்கு எதுக்கு ஒரு பக்கம்?" என்று இவர் எட்டிப் பார்த்தார். "டீ. பால் இல்லாம டீ. சர்க்கரை இல்லாம டீ. முடிஞ்சுது." லிப்ட் பழுது பார்க்கிறவர். எதையும் மேலே, கீழே, நிறுத்து என்று மூன்று பொத்தானில் அடக்கிவிடப் பார்ப்பார்.

ஆனால் இது அந்த டீ இல்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து குடிக்கிற டீ. எத்தனை கோப்பை வேண்டுமானாலும் தருவார்கள் என்பதை ஆங்கிலத்தில் அடியில்லாத கோப்பை என்று போட்டிருக்கிறார்கள். அப்படியே போட்டால் மடியில கொட்டிடுமே என்றார் இவர். 'வேண்டுமட்டும்' என்று மாற்றினேன். பாலிலிருந்து கெட்டியாக எடுக்கிற ஒன்றுக்கு 'ஆடை' என்று எழுதி, துணிக்கடை நினைவு வந்து அடித்து, 'பாலேடு' ஆக்கினேன். விரல் சாண்ட்விச் என்று வந்தால் யார் விரல் என்று கேட்பார்கள். விரல் நீளச் சாண்ட்விச். நான்கு வருடம் மெய்ப்புப் பார்த்தவள் நான். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்றால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

எனக்கே பிடித்தது சாப்பிடும் முறையைச் சொல்கிற வரி. பலகாரம் மூன்று தட்டு உள்ள தாங்கியில், ஒன்றன்மேல் ஒன்றாக வருமாம். கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்கிற ஒரு வகை ரொட்டி, மேலே இனிப்பு. கீழிருந்து மேலே போக வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு நான்கு வரி. நான் ஒன்றில் முடித்தேன்: 'கீழ்த்தட்டில் தொடங்கி, நடுத்தட்டைக் கடந்து, மேல்தட்டை அடையுங்கள்.' அடுத்து, 'கீழ்த்தட்டு தீர்ந்துவிட்டால் பணியாளரிடம் சொல்லுங்கள்.' கச்சிதம். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த மாதிரி இருந்தது.


மார்ச் 7, வெள்ளி

அனுப்பியாயிற்று. ஒன்பது தடவை படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.


மார்ச் 10, திங்கள்

ஹோட்டலில் விருந்தினர் பிரிவு மேலாளர் கூப்பிட்டார். பெண்தான். வழவழவென்ற குரல். அட்டை அழகாக வந்திருக்கிறதாம், அச்சுக்குப் போய்விட்டதாம். சனிக்கிழமை ஒரு பெரிய குடும்பம் வருகிறது, அறுபது பேர், அத்தனை பேரும் தமிழ் படிக்கிறவர்கள், அதற்காகத்தான் அவசரமாம். "எனக்குத் தமிழ் பேச்சு மட்டும்தான். எழுத்து ஒண்ணும் தெரியாது. அதனால உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்றார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு நானும் இன்னொருவரும் விருந்தாளியாக வந்து தேநீரை அனுபவித்துப் பார்க்க வேண்டுமாம். மற்ற வேலைகளைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாமாம்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே. எனக்கு முதலில் வந்த நினைப்பு: போக ஒரு மணி, வர ஒரு மணி, அங்கே இரண்டு. நான்கு மணி நேரம். இந்தப் பதின்மூன்று மாதத்தில் அவளை விட்டு அதிகபட்சம் நான் போனது மொட்டை மாடிக்கு, துணி உலர்த்த.

வியாழன் இவருக்கு விடுமுறை. பொடிசை நான் பார்த்துக்கொள்கிறேன், அக்காவைக் கூட்டிக்கொண்டு போ என்கிறார். அக்கா என்றால் இவருடைய அக்கா, எனக்கு அண்ணி. மூன்றாவது தெருவில் இருக்கிறார், சீருடை தைக்கிற பட்டறையில் வேலை. வாய் கொஞ்சம் நீளம். மனசும் நீளம்தான், ஆனால் வாய்தான் முதலில் வந்து சேரும்.


மார்ச் 12, புதன்

இவருக்கு ஒரு தாளில் எழுதி வைத்தேன். எப்போது என்ன கொடுக்க வேண்டும், எப்படித் தூங்க வைக்க வேண்டும், காய்ச்சல் என்றால் என்ன, வலிப்பு என்றால் என்ன, எந்தப் பக்கமாகப் படுக்க வைப்பது, டாக்டர் எண், பக்கத்து வீட்டு எண். பதினேழு வரி வந்தது. "லிப்ட்டுக்கே இவ்வளவு பெரிய கையேடு கிடையாது" என்றார். சிரிப்பு வரவில்லை எனக்கு. பிறகு, அவர் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்ததைப் பார்த்தேன். நான்கு மூலையிலும் டேப் போட்டு.

நாளைக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டால் என்ன?


மார்ச் 13, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது பொடிசு அழவில்லை. அது வேறு ஒரு மாதிரி இருந்தது. பஸ்ஸிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டேன், ஹோட்டல் வாசலில் ஒரு தடவை. "இருக்கா. நல்லா இருக்கா. நீ டீயைக் குடி" என்றார்.

தொப்பிக்காரர் எங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார். அண்ணி அவரைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு என் காதில், "தோள்பட்டை நம்ம பட்டறை வெட்டு" என்றார். உள்ளே தரைவிரிப்பில் நடந்தால் சத்தமே கேட்கவில்லை. மேல் கூரை அவ்வளவு உயரம், அங்கே ஒரு விளக்கு அணைந்து போனால் யார் ஏறி மாற்றுவார்கள் என்று யோசித்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். அது என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியாக என் முதுகு முழுசாக எதிலாவது சாய்ந்தது எப்போது? தூக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஒரு பெரிய ஹோட்டலுக்கு வந்து தூங்கிவிட்டுப் போனவள் என்ற பெயர் வேண்டாமே என்று கையைக் கிள்ளிக்கொண்டேன்.

பணியாளர் தேநீர்க் குடுவையை வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தார். மணல் இறங்கின பிறகு ஊற்றிக்கொள்ள வேண்டுமாம். "நம்ம வீட்ல கொதிக்கறதைப் பாத்தா தெரியாதா" என்றார் அண்ணி. ஆனால் மணல் இறங்கி முடிகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்து வைத்திருந்த துணியைப் பிரித்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, மூலை மடிப்பு சரியில்லை என்று தீர்ப்பும் சொன்னார்.

மூன்று தட்டுத் தாங்கி வந்தது. நான் எழுதிய அது. முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறேன். நினைத்ததை விடச் சின்னதாக, நினைத்ததை விட அழகாக. சாண்ட்விச்சில் ஓரம் இல்லை, கடிக்கும்போது பல்லுக்கு வேலையே இல்லை. ஸ்கோன் இன்னும் சூடாக இருந்தது. பிட்டு, பாலேடு தடவி, மேலே பழப்பாகு வைத்துச் சாப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன். யாரும் என் தட்டிலிருந்து எடுக்கவில்லை. யாரும் என் முடியைப் பிடித்து இழுக்கவில்லை. முழுசாகப் பத்து நிமிடம் எனக்குக் குழந்தை இருப்பதே நினைவில் இல்லை. பத்து நிமிடம்! நினைவு வந்ததும் எழுந்து போய் மூன்றாவது தடவை கூப்பிட்டேன். தூங்குகிறாள் என்றார். குரல் கொஞ்சம் அவசரமாக இருந்த மாதிரி. எனக்கு எல்லாக் குரலும் அப்படித்தான் இருக்கும்.

திரும்பி வந்து, பெருமை தாங்காமல், மேசையில் சாய்த்து வைத்திருந்த அட்டையை அண்ணி பக்கம் திருப்பினேன். தடித்த தாள், ஓரத்தில் பொன்கோடு. "நான் எழுதினது அண்ணி."

அண்ணி எட்டாவது வரை படித்தவர். விரலை வைத்து, எழுத்துக் கூட்டாமல் ஆனால் சொல் சொல்லாக, வாய்விட்டுத்தான் படிப்பார். படித்தார். "கீழ்த்தட்டில் தொடங்கி... நடுத்தட்டைக் கடந்து... மேல்தட்டை அடையுங்கள்." நிறுத்தினார். "ஏன்டி, அது இந்த ஜென்மத்துல நடக்கிற காரியமா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

அடுத்ததையும் படித்தார். "கீழ்த்தட்டு தீர்ந்துவிட்டால் பணியாளரிடம் சொல்லுங்கள்." குலுங்கிச் சிரித்தார். "நாங்க தீந்துட்டா யாருகிட்டச் சொல்லுவாங்களாம்?"

அப்போதுதான் காதில் விழுந்தது. மேல்தட்டு மக்கள். கீழ்த்தட்டு மக்கள். செய்தித்தாளில் தினம் வருகிற சொல். ஆடைக்கும் விரலுக்கும் பயந்தவள், இதை ஒன்பது தடவை கண்ணால் படித்து, ஒரு தடவைகூடக் காதால் கேட்கவில்லை. எனக்குத் தட்டு என்றால் தட்டுதான். பார்க்காத பொருளைப் பற்றி எழுதினால் சொல் தன் இஷ்டத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதுவும் எந்த இடத்தில்? பொன்கோடு போட்ட அட்டையில், அந்த ஹாலில், பலகாரம் எடுத்து வைக்கிறவர்கள் நின்றுகொண்டிருக்க.

அண்ணி சிரித்து முடித்தார். சிரித்த பிறகு ஒன்று செய்தார். கீழ்த்தட்டிலிருந்து எடுத்துப் பாதி தின்றிருந்த சாண்ட்விச்சைத் தன் தட்டில் வைத்துவிட்டு, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போன அந்த விரல்களை மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கொஞ்ச நேரம் எதையும் எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேலாளர் வந்தார். எப்படி இருக்கிறது, எல்லாம் பிடித்ததா என்று கேட்டார். அண்ணி, "எல்லாம் நல்லா இருக்குங்க, இந்தக் கார்டுலதான் ஒரு..." என்று தொடங்கினார். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

ஆமாம். மிதித்தேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். "...கார்டு ரொம்ப அழகா இருக்குங்க" என்று முடித்தார்.

மேலாளர் சிரித்துக்கொண்டே, மற்ற தாள்களைத் திங்கட்கிழமை அனுப்புகிறேன் என்றார். நானும் சிரித்தேன். நன்றி சொன்னேன். இனிப்பைச் சாப்பிட்டேன். என்ன இனிப்பு என்று நினைவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வரை அண்ணி தன் செருப்பையே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "எதுக்கு மிதிச்ச?" என்றார். "நான் ஒண்ணும் உன் பொழப்பைக் கெடுக்க மாட்டேன்டி."



பொடிசு நன்றாக இருந்தாள். நெற்றி குளிர்ச்சி. இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன்.


மார்ச் 14, வெள்ளி

காலையில் இவரிடம் சொன்னேன். அட்டையின் நகலை வாங்கிப் படித்தார், கொஞ்சம் சிரித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "யாரு உக்காந்து இதையெல்லாம் பாக்கப் போறாங்க? விடு. நீயா போய்ச் சொன்னா வேலை போயிடும். அப்புறம் உனக்குக் காப்பகம்தான்."

உனக்குக் காப்பகம்தான். எனக்கா, அவளுக்கா?

அவர் சொன்னதில் தப்பில்லை. சொன்னால் வேலை போகும். வேலை போனால் எட்டரை முதல் ஆறு வரை அவளை நான் தொட முடியாது. சொல்லாவிட்டால் நாளைக்கு அறுபது பேர் உட்கார்ந்து படிப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். அதில் ஒருவராவது கையை மடியில் வைத்துக்கொள்வார்கள். அது போதும். வேறு யாரும் வேண்டாம், அந்த ஒருவர் போதும். அண்ணியின் கையை நான் பார்த்திராவிட்டால் அழகாகத் தூங்கியிருப்பேன்.

பத்தரைக்குக் கூப்பிட்டேன். பொடிசு இடுப்பில். எழுதி வைத்துக்கொண்டு பேசினேன், இல்லாவிட்டால் உளறியிருப்பேன். தட்டு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது, அது மனிதர்களை அடுக்குகிற பொருள், அட்டையை நாளைக்கு வைக்க வேண்டாம் என்றேன்.



"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

நேற்று, மேசையில் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அலுப்பாக இருந்தது.

"நான் வந்து பக்கத்துல நின்னேனே. அப்பவே சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம் என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டார். கோபம்கூட இல்லை. அந்த வழவழப்பு அப்படியே இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

புதிதாக ஒன்று எழுதி அனுப்பினேன், கேட்காமலே. மேல் கீழ் எதுவும் இல்லை. 'சாண்ட்விச், ஸ்கோன், இனிப்பு. எதிலிருந்தும் தொடங்கலாம். வேண்டுமானால் இன்னும் கேளுங்கள்.' அனுப்புவதற்கு முன் வாய்விட்டுப் படித்தேன். பொடிசு காலைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.


மார்ச் 15, சனி

மூன்று மணி. நான்கு மணி. ஐந்து மணி. எந்த அட்டை இருந்ததோ.


மார்ச் 17, திங்கள்

தாள் எதுவும் வரவில்லை.

வேறொன்று வந்தது. மருந்து அலமாரியைத் துடைக்கும்போது காய்ச்சல் மருந்துப் புட்டியைப் பார்த்தேன். அளவு குறைந்திருக்கிறது. நான் ஜனவரியிலிருந்து தொடவில்லை. மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பு.

இவர் வேலையிலிருந்து வந்ததும் கேட்டேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மறைக்கத் தெரியாத மனுஷன், உடனே சொல்லிவிட்டார். வியாழக்கிழமை நான் போன ஒரு மணி நேரத்தில் உடம்பு சுட்டிருக்கிறது. நூறைத் தாண்டிக் கொஞ்சம். மருந்து கொடுத்து, ஈரத்துணி போட்டு, தோளில் போட்டுக்கொண்டே நடந்திருக்கிறார். நான் மூன்றாவது தடவை கூப்பிட்டபோது தோளில்தான் இருந்திருக்கிறாள். நான் வருவதற்குள் இறங்கிவிட்டது.

கத்தினேன். என்ன தைரியம் உங்களுக்கு, அவளுக்கு ஏதாவது ஆயிருந்தா, நான் அங்க உக்காந்து ரொட்டி தின்னுட்டு இருந்தேனே, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அப்பவே சொல்லியிருக்கலாமே. பொடிசு பயந்து அழுதாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா நீ பஸ்ல என்ன பாடு பட்டிருப்ப? அதான் சொல்லல." பிறகு குளிர்பெட்டிக் கதவைக் காட்டினார். "நானா எதுவும் செய்யல. ஒன்பதாவது வரியில என்ன எழுதியிருந்தியோ அதைச் செஞ்சேன். அது வேலை செஞ்சுது."

நான் போய் ஒன்பதாவது வரியைப் படித்தேன். என் கையெழுத்துதான்.

கோபம் போகவில்லை. ஆனால் எந்தக் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை. அப்பவே சொல்லியிருக்கலாமே என்று நான் அவரிடம் கத்தியபோது அந்த வார்த்தையை இதற்கு முன் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று தெரிந்ததும் கத்துவதை நிறுத்திவிட்டேன். அவர் அது தன்னால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும்.


மார்ச் 18, செவ்வாய்

அண்ணி வந்தார். அந்த வாரம் பட்டறையில் நடந்ததையெல்லாம் சொன்னார். நான் பாதியில் நிறுத்தி, அண்ணி, அன்றைக்கு நான் காலை மிதித்தது தப்பு என்றேன். "புதுச் செருப்பு வேற" என்றார். அவ்வளவுதான் பேச்சு. போகும்போது பொடிசின் சட்டைக்கு ஒரு பித்தான் தைத்துவிட்டுப் போனார்.


மார்ச் 21, வெள்ளி

மேலாளர் நேற்று கூப்பிட்டிருந்தார். இன்று போனேன். அண்ணி அரை நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு பொடிசைப் பார்த்துக்கொண்டார்.

இந்தத் தடவை பின்பக்க வாசல். தரைவிரிப்பு இல்லை, தொப்பிக்காரர் இல்லை. சலவைக்கூடை வண்டிகள் உருளுகிற சந்து வழியாக அவருடைய அறைக்கு. சின்ன அறை, ஜன்னல் கிடையாது. நேரில் பார்க்கும்போது அவருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

புதியதை அச்சடிக்க நேரமில்லாமல், சனிக்கிழமை ஆங்கில அட்டையை வைத்துச் சமாளித்தார்களாம். வந்தவர்களில் ஒரு பெண்மணி, தமிழ் அட்டை தருவதாகச் சொன்னீர்களே என்று கேட்டிருக்கிறார். மேலாளர் பழைய அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி, இது சரியா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்மணி படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அட்டையைக் கவிழ்த்து வைத்தாராம்.

"அப்பத்தான் எனக்கு நீங்க சொன்னது புரிஞ்சுது" என்றார். "எப்படி இது உங்க கண்ணுல படாமப் போச்சு?"

நான் அந்தத் தாங்கியைப் பார்த்ததே இல்லை என்றேன். இந்த ஹோட்டலுக்குள்ளேயே வந்ததில்லை. வீட்டில் உட்கார்ந்து, குழந்தை தூங்குகிற நேரத்தில் எழுதினேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். வேலை உண்டு. ஆனால் வீட்டிலிருந்து கிடையாது. திங்கள், புதன், வெள்ளி பிற்பகல் இங்கே வர வேண்டும். எதை எழுதுகிறேனோ அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். எழுதின பிறகு இன்னொருவர் படித்துப் பார்ப்பார். முதலில் மூன்று மாதம்தான், அப்புறம் பார்க்கலாம். "ஒரு தடவை சுட்டுக்கிட்டாச்சு. புரிஞ்சுக்குவீங்க."

புரிந்தது. நான் எதற்காக இந்த வேலையை விரும்பினேனோ அதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைத் தந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபோது பொடிசு அண்ணியின் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்து ஓடி வரவில்லை. தலைப்பைத் தூக்கி முகத்தைக் காட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.


மார்ச் 24, திங்கள்

கணக்கே தீரவில்லை மனசுக்குள். காப்பீட்டு அலுவலகம் நிச்சயம், நாள் முழுக்க. ஹோட்டல் நிச்சயமில்லை, வாரத்தில் மூன்று பிற்பகல். இரண்டிலும் நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போக வேண்டும். போகாமல் இருக்கிற வழி என்று ஒன்று இல்லை இப்போது.

அண்ணியிடம் சும்மா சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை, சொன்னேன். "மூணு மத்தியானம்தானே. சட்டைக்குக் காஜா எடுக்கிற வேலையை வீட்டுக்கே எடுத்துட்டு வந்துடறேன். பட்டறையில விடுவாங்க" என்றார். பிறகு, "ஆனா அந்தப் பதினேழு வரியை என் முன்னாடி நீட்டாத. எனக்குப் படிக்கவே ஒரு மத்தியானம் ஆகும்."

நானே வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். காய்ச்சல் வரிகளை இரண்டு தடவை. திரும்பச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். என்னை விடச் சுருக்கமாக, ஒன்றையும் விடாமல்.


மார்ச் 25, செவ்வாய்

காப்பீட்டு அலுவலகத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சரியா தப்பா தெரியவில்லை.


ஏப்ரல் 2, புதன்

முதல் பிற்பகல். ஆறு தடவை கூப்பிட்டேன். ஆறாவது தடவை அண்ணி, "நீ கூப்பிடறதுக்குப் பதில் சொல்றதுக்கே இன்னொரு ஆள் போடணும்டி" என்றார்.


ஏப்ரல் 9, புதன்

பகலில் எழுதுகிறேன். மூன்று நாற்பது. ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கிற அறையில் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மேசை ஆடுகிறது, ஒரு காலுக்குத் தாள் மடித்து வைத்திருக்கிறேன். அங்கே ஹாலில் இந்நேரம் மணல் கடிகாரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே தேநீர் வாசனை மட்டும் சலவை வாசனையோடு கலந்து வருகிறது.

இன்றைய வேலை குளியலறை அட்டை. நான்காவது மாடியில் காலியாக இருந்த ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். வெந்நீருக்கு இடப்பக்கம் திருப்பவும் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. திருப்பினேன். ஐஸ் தண்ணீர் முழங்கை வரை கொட்டியது. வலப்பக்கம்தான் வெந்நீர். ஈரக் கையோடு இறங்கிப் போய் மேலாளரிடம் சொன்னேன். எத்தனை வருடமாக எத்தனை பேர் நனைந்தார்களோ என்று அவரே சிரித்துவிட்டார்.

இரண்டே முக்காலுக்கு ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அண்ணி எடுக்கவில்லை. தூங்க வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னும் ஏழு அட்டை இருக்கிறது. அடுத்தது, ஜன்னலை எப்படித் திறப்பது. போய்த் திறந்து பார்க்க வேண்டும்.